ஷோலே பார்க்கப் போகிறீர்களா? காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள்

‘எனக்கு இந்தி தெரியாதே, ஷோலேவை எப்படிப் பார்ப்பது?’ என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உருது பேசுகிற சிநேகிதர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். வட ஆற்காட்டில் அதற்குப் பஞ்சமா? மாவட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்த பிறகும் எனக்கு அந்தப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், வேலூர் டவுன் என்று எங்கே போனாலும் உருது பேசுகிற குடும்பங்கள் இருக்கின்றன. சலீம் கானும் ஜாவேத் அக்தரும் எழுதிய அந்தப் படத்தின் வசனத்தில் உருது தாராளமாகக் கலந்திருக்கிறது. நம்ம பக்கத்து உருது வேறு மாதிரிதான், தக்காணப் பேச்சான தக்னியின் வாடை அடிக்கும். ஆனாலும் அவர்களுக்கு எல்லாம் பிடிபடும். வசன எழுத்து திரையில் ஓடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைவிடப் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கும்போது ‘என்ன பாய், என்ன சொன்னான்?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்வது இரண்டு சிநேகிதர்களைப் பற்றிய படத்துக்குப் பொருத்தமான வழி.

குடியாத்தத்தில் எனக்கு மைக் செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, கெங்கையம்மன் திருவிழா என்று வருஷம் பூராவும் ஆம்ப்ளிபயரோடும் ஒயரோடும்தான் வாழ்க்கை. ஷோலே எனக்குக் கண்ணுக்கு வருவதற்கு முன்னால் காதுக்கு வந்த படம். அந்தப் படத்துக்குப் பாட்டு மட்டுமல்ல, வசனமும் தனி இசைத்தட்டாக வந்தது. பாலிடார் கம்பெனி போட்டது. பிறகு கேசட்டும் வந்துவிட்டது. பேர்ணாம்பட்டில் தோல் வேலை பார்க்கிற சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்தில் பாட்டுக்கு நடுவே அந்த வசன கேசட்டைப் போடச் சொன்னார்கள். பந்தலில் இருந்த தாத்தா முதல் பொடியன் வரை வில்லன் கப்பர் சிங்கோடு கூடவே வசனம் சொன்னார்கள். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் என் ஹாரன் ஸ்பீக்கரிலிருந்து வந்தபோது முதுகுத்தண்டு சில்லிட்டது. அன்றிலிருந்து இந்தப் படத்தை நான் காதால்தான் அணுகுகிறேன். உங்களையும் அப்படியே பார்க்கச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தயக்கத்தைக் கழற்றி வைத்துவிடுவோம். இது எங்கேயோ வடக்கத்திப் படம், நமக்கு ஒட்டாது என்று நினைக்காதீர்கள். சலீம் – ஜாவேத் கதைகளைப் பேர் தெரியாமலே நாம் பார்த்து வளர்ந்திருக்கிறோம். எம்.ஜி.ஆரின் ‘சிரித்து வாழ வேண்டும்’, ‘நாளை நமதே’, வாணிஸ்ரீ இரட்டை வேடம் போட்ட ‘வாணி ராணி’, ரஜினியின் ‘பில்லா’, ‘தீ’ எல்லாம் அவர்கள் இந்தியில் எழுதியதிலிருந்து வந்தவை. நடிகர்களிலும் ஹேமமாலினி நம்ம தமிழ்ப் பெண். படம் எடுத்த இடமோ நமக்கு இன்னும் பக்கம், பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவில் இருக்கிற ராமநகரம். திரையில் வருகிற அந்தப் பாறைக்குன்றுகளைக் காட்டி, இது காட்பாடிக்குப் பக்கத்தில் எடுத்தது என்று சொன்னால் நம்புகிறவர்கள் உண்டு. அவ்வளவு நம்ம ஊர் மலை மாதிரி இருக்கும்.

எந்தப் பிரதியைப் பார்ப்பது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். படம் வெளியானது 1975 ஆகஸ்ட் 15. நெருக்கடி நிலை அமலில் இருந்த நேரம். தணிக்கையில் கடைசிக் காட்சியை மாற்றச் சொன்னார்கள், இயக்குநர் ரமேஷ் சிப்பி மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆக, இந்தப் படத்துக்கு முடிவு இரண்டு. முதலில் எடுத்த முடிவோடு சேர்த்து ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மீட்டெடுத்த பிரதியை 2025 ஜூனில் இத்தாலியில் போலோன்யா நகரத் திரைவிழாவில் போட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் நம் தியேட்டர்களுக்கும் வந்தது. சிநேகிதர்கள் இருவரில் ஒருவனான வீருவாக நடித்த தர்மேந்திரா அதற்குச் சில வாரங்கள் முன்பு, நவம்பரில், காலமாகிவிட்டார். நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. அந்த மீட்டெடுத்த பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். தாக்கூர் என்ற மனிதர் படம் பூராவும் எதற்காகக் காத்திருக்கிறாரோ அது அந்த முடிவில்தான் ஒழுங்காக வந்து சேர்கிறது. மற்றதில் கடைசி நிமிஷத்தில் யாரோ வந்து கையைப் பிடித்து இழுப்பது மாதிரி இருக்கும்.

அது கிடைக்கவில்லையென்றால் ஓரங்களை வெட்டாத, அகலமான பிரதியாகத் தேடுங்கள். 35 எம்.எம்.மில் எடுத்து 70 எம்.எம்.முக்குப் பெரிதாக்கி, ஸ்டீரியோ ஒலியோடு வெளியிட்ட படம் இது. ஒளிப்பதிவாளர் துவாரகா திவேசா பாறைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிறுத்தியிருப்பார். பழைய டிவிக்காக ஓரம் வெட்டிய பிரதிகளில் பாதி மலை காணாமல் போயிருக்கும். டிவியில் படத்தை இழுத்து விரிக்கிற ஜூம் இருந்தால் அணைத்துவிடுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

நீளம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். அதனால் ராத்திரி சாப்பாடு முடித்துப் பத்து மணிக்கு ஆரம்பிக்காதீர்கள், இடைவேளைக்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் போட்டு, இடைவேளையில் சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காயும் வந்து சேர்ந்தால் வேறென்ன வேண்டும்.

இப்போது என் தொழில் விஷயத்துக்கு வருகிறேன். மொட்டை மாடியில் ப்ரொஜெக்டர் வைத்துப் பார்ப்பதாக இருந்தால் மார்கழி, தை மாதங்கள் நல்லது. நம்ம ஊர் கத்திரி வெயிலில் ராத்திரிகூடத் தளத்தின் சூடு கீழிருந்து ஏறும். ஸ்பீக்கருக்கு ஹாரன் வேண்டவே வேண்டாம். ஹாரன் தெருவைக் கூப்பிடுவதற்கு, படம் பார்ப்பதற்கு அல்ல. இரண்டு பாக்ஸ் போதும். திரைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்தில் ஸ்டூல் போட்டு வையுங்கள். எதிர்ச் சுவரைப் பார்த்து நேராக வைத்தால் ஒலி முட்டித் திரும்பி வசனம் குழம்பும், லேசாக உள்பக்கம் திருப்பி வையுங்கள். பேஸைக் குறையுங்கள். கல்யாணத்துக்கு வைக்கிற பேஸில் இந்தப் படத்தைப் போட்டால் குதிரைக் குளம்பு நன்றாகக் கேட்கும், தாக்கூராக நடித்த சஞ்சீவ் குமாரின் தாழ்ந்த குரல் புதைந்துவிடும். போனில் பார்க்கிறவர்களும் இருக்கிறீர்கள், தெரியும். ஸ்பீக்கரில் கேட்காமல் ஹெட்போன் மாட்டுங்கள், ஓரளவு தப்பிக்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அமைதியான இடம் வரும்போது ஒலியைக் கூட்டாதீர்கள். அந்த அமைதி வேண்டுமென்றே வைத்தது.

சரி, படம் ஓடத் தொடங்கிவிட்டது. கதை தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவே: ஜெய், வீரு என்று இரண்டு திருடர்கள், சிநேகிதர்கள். முன்னாள் போலீஸ் அதிகாரியான தாக்கூர், தன் ஊரை ஆட்டிப்படைக்கிற கொள்ளைக்காரன் கப்பர் சிங்கை உயிரோடு பிடித்துத் தரச் சொல்லி அவர்களைக் கூட்டி வருகிறார். இதற்கு மேல் எங்கேயும் போய்ப் படிக்காதீர்கள். தாக்கூரைப் பற்றி ஒன்று, ஜெய் சுண்டிவிடுகிற நாணயத்தைப் பற்றி ஒன்று என்று இரண்டு ரகசியங்கள் படத்துக்குள் இருக்கின்றன. அவை உங்களுக்குத் திரையிலிருந்துதான் தெரிய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சிநேகிதரிடமும் முன்கூட்டியே வாக்கு வாங்கிவிடுங்கள். பல தடவை பார்த்தவர்களுக்கு வாய் சும்மா இருக்காது.

ஆரம்பத்தில் ஒரு கூட்ஸ் ரயில் சண்டை வரும். பன்வேல் பக்கம் ரயில் பாதையில் வாரக்கணக்கில் எடுத்தது. குதிரையில் துரத்துகிற கூட்டம், எஞ்சின், துப்பாக்கி எல்லாம் அமர்க்களமாக இருக்கும், அதை ரசிக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அது முடிந்து வருகிற பாட்டில்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். பக்கத்தில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் இருவரும் பாடிக்கொண்டே போவார்கள். வீருவுக்குக் கிஷோர் குமார், ஜெய்க்கு மன்னா டே. கிஷோர் குரல் தெருவில் ஓடுகிற பையன் மாதிரி துள்ளும், மன்னா டே நிதானமாக அதைப் பின்தொடர்வார். பாட்டைக் கேட்டாலே இவன் வாயாடி, அவன் அடக்கமானவன் என்று தெரிந்துபோகும். நடுவில் தொட்டி கழன்று தனியாகப் போகும், கொஞ்ச தூரம் போய் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனந்த் பக்‌ஷியின் வரிகள் விளங்காவிட்டாலும் அந்தத் தொட்டியைப் பார்த்தால் போதும்.

பிறகு ஜெயிலர் காட்சிகள் வரும், சூர்மா போபாலி வருவார். வடக்கே அந்த நகைச்சுவைக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அது பேச்சுவழக்கையும் உச்சரிப்பையும் நம்பி நிற்பது, அதனால் தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் இழுக்கும். பொறுமையாக இருங்கள், டீ போட வேண்டியவர்கள் அப்போது போய்ப் போட்டுவிடலாம். ஆனால் தாக்கூரின் ஊரான ராம்கட் கிராமம் வந்த பிறகு யாரும் எழுந்திருக்கக் கூடாது.

ஏனென்றால் கப்பர் சிங் வருகிறான். படம் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவன் முகத்தைக் காட்டுவார்கள். முகத்துக்கு முன்னால் காலைக் காட்டுவார்கள். பூட்ஸ் பாறைமேல் நடக்கும். கையில் பிடித்திருக்கிற தோட்டா பெல்ட் பாறையில் உரசிக்கொண்டே பின்னால் வரும். டக், டக் என்று பூட்ஸ், நடுவில் அந்த உரசல். பின்னால் இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மன் வைத்த, நெளிந்து ஊர்கிற ஒரு ஓசை. அவ்வளவுதான். கிராமத்திலிருந்து தோற்று வந்த மூன்று ஆட்கள் தலை குனிந்து நிற்கிறார்கள். அவன் கேட்கிறான்: ‘கித்னே ஆத்மி தே?’ எதிரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று. கத்தவில்லை. அன்பாக விசாரிக்கிற மாதிரிதான் கேட்கிறான். கப்பராக நடித்த அம்ஜத் கானுக்கு அப்போது பேரே கிடையாது, டேனி டென்சோங்பா நடிக்க முடியாமல் போனதால் வந்த வாய்ப்பு. குரலை ஒரு சமயம் இழுத்து, ஒரு சமயம் கடித்து, நடுவில் சும்மா நிறுத்தி, ஒரே காட்சியில் நாட்டையே பிடித்துவிட்டார்.

துப்பாக்கி வெளியே வந்த பிறகு ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகக் கேளுங்கள். வானத்தைப் பார்த்து மூன்று வெடி. உருளையைச் சுற்றுகிற சத்தம். அப்புறம் ஒவ்வொரு ஆளின் தலைக்கும் நேராக விசையை இழுக்கும்போது வருகிற வெறும் ‘டிக்’. கடைசி ‘டிக்’குக்குப் பிறகு ஒருவன் சிரிப்பான், இன்னொருவன் சிரிப்பான், பாறை பூராவும் சிரிப்பு எதிரொலிக்கும். கேட்கிற நமக்கும் உதடு விரியும். அதற்கடுத்து என்ன ஆகிறது என்பதை நான் எழுத மாட்டேன். உச்சிப் பாறைமேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிற சாம்பாவையும் பாருங்கள். மாக் மோகன் அந்தக் காட்சியில் பேசுவது கப்பர் தலைக்கு அரசாங்கம் வைத்த விலை, ஐம்பதாயிரம், அவ்வளவே. அதற்கே அந்த மனிதரை ஊர் ஊராக நினைவு வைத்திருக்கிறார்கள்.

இந்த மாதிரிக் காட்சியைப் பார்த்தவர்கள் ‘ஷோலே என்றால் வில்லன் படம்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது சிநேகிதர்கள் படம்தான். அதைக் காட்ட இன்னொரு காட்சியைச் சொல்கிறேன். வீருவுக்கு ஜட்கா வண்டி ஓட்டுகிற பசந்திமேல் ஆசை. பெண் கேட்க ஜெய்யை அனுப்புகிறான். பசந்தியை வளர்க்கிற மௌசியின், அதாவது சித்தியின், எதிரே ஜெய் பவ்யமாக உட்கார்ந்து சிநேகிதனைப் புகழ ஆரம்பிக்கிறான். மாப்பிள்ளை என்ன சம்பாதிக்கிறார்? குடும்பம் என்று வந்தால் சம்பாதிப்பான், இப்போது சூதில் தினமும் ஜெயிக்க முடியுமா. சூதாடுவானா? நல்லவன்தான், கொஞ்சம் குடித்துவிட்டால் தெரியாது. இப்படியே ஒவ்வொரு புகழ்ச்சியும் ஒரு குண்டைத் தூக்கிப் போடும். ஜெய்யாக நடித்த அமிதாப் முகத்தில் ஒரு சுருக்கம் மாறாது, குரல் அடக்க ஒடுக்கமாகவே இருக்கும். மௌசியாக வருகிற லீலா மிஸ்ராவின் முகம் ஒவ்வொரு பதிலுக்கும் மாறிக்கொண்டே போகும். நம்ம ஊரில் பெண் பார்க்கப் போய் வந்தவர்கள் யாரும் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிக்காமல் இருந்ததில்லை. கூட இருக்கிறவன் காலை வாருவதற்கும் உரிமை வேண்டும், அந்த உரிமை இருவருக்கும் எவ்வளவு இருக்கிறது என்று இங்கே தெரியும். பின்னால் வருகிற துக்கத்துக்கு இந்தச் சிரிப்புதான் அஸ்திவாரம்.

ராத்திரிக் காட்சிகளில் ஜெய் மவுத் ஆர்கன் வாசிப்பான். எதிர் வீட்டில் தாக்கூரின் விதவை மருமகள் ராதா ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு போவாள். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பொழுது சாய்ந்து வெளிச்சம் போவதற்கு முன்னால் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் எடுக்க வேண்டும் என்று பல நாள் காத்திருந்து எடுத்த காட்சி அது. சினிமா பூராவும் பாட்டும் வெடியுமாக இருக்கும்போது நடுவில் இப்படி ஒரு இடம் வைக்க தைரியம் வேண்டும்.

இடைவேளைக்குப் பிறகு ஹெலன் ஆடுகிற பாட்டு. பாடியது ஆர்.டி. பர்மனே. அந்தப் பாட்டு முடிந்து வெகுநேரம் ஆகாமல் ஒரு குதிரை ஊருக்குள் வரும், ஊர் கூடி நிற்கும். பார்வையில்லாத இமாம் சாஹிப், தடியை ஊன்றிக்கொண்டு வந்து, ஏன் இவ்வளவு நிசப்தம் என்று கேட்பார். ஏ.கே. ஹங்கல் நடித்தது. இத்தனை வருஷம் ஒலியோடு பிழைப்பு நடத்துகிறேன், நிசப்தத்தை இப்படி ஒரு பாத்திரத்தின் வாயால் கேட்க வைத்த காட்சி வேறெதுவும் என் நினைவுக்கு வரவில்லை. கண் தெரியாதவருக்கு ஊர் என்பது சத்தம்தான். அது நின்றால் என்னவோ நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது. எங்கள் வீட்டு மாடியில் பார்த்தபோது நான் என்னவோ கேட்க வாயெடுத்தேன். ‘ணா, இப்போ பேசாதீங்க’ என்றார் பேர்ணாம்பட்டு பாய். காட்சி முடிகிறவரை அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நீங்களும் அங்கே மின்விசிறி இரைந்தால் அதையும் நிறுத்துங்கள். ஊஞ்சல் கிறீச்சிடுகிற இன்னொரு காட்சிக்கும் இதையே சொல்வேன். ஒலிக்கலவை செய்த மங்கேஷ் தேசாய்க்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவன்.

முதல் தடவை பார்த்த கையோடு நெஞ்சு கனத்துப்போய் யாருக்கும் பேச்சு வராது. அப்படியே எழுந்து போங்கள், விட்டுவிடுங்கள். சில வாரம் கழித்து இரண்டாம் தடவை பாருங்கள். இந்த முறை நாணயத்தை மட்டும் பின்தொடருங்கள். யார் சுண்டுகிறான், எப்போது சுண்டுகிறான், சுண்டிய பிறகு யார் ஆபத்தான பக்கம் போகிறான் என்று. உண்மை தெரிந்த பிறகு ஒவ்வொரு முறை அது மேலே பறக்கும்போதும் வயிற்றைப் பிசையும். வெட்டி ஒட்டிய எம்.எஸ். ஷிண்டே அந்த இடங்களில் எவ்வளவு அவசரம் இல்லாமல் விட்டிருக்கிறார் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். அந்த வருஷம் ஃபிலிம்ஃபேர் விருதுகளில் ஷோலேவுக்குக் கிடைத்தது படத்தொகுப்புக்கு மட்டும்தான். முதல் வாரங்களில் ஓடாது என்று சொல்லப்பட்ட படம் பிறகு பம்பாய் மினர்வா தியேட்டரில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடியது.

அதற்கு அப்புறம் ராமநகரம் போகலாம். படம் பார்க்காமல் போனால் அது வெறும் பாறை. காட்பாடி ஜங்ஷனில் ரயில் ஏறிப் பெங்களூரு, அங்கிருந்து மைசூர் பாதையில் ஐம்பது கிலோமீட்டர் சுமாரில் ராமநகரம். ஸ்டேஷனில் இறங்கி ராமதேவர பெட்டா என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும். ராம்கட் கிராமத்துக்காகப் போட்ட செட்டைத் தேடாதீர்கள், அது இப்போது இல்லை. பாறைகள் இருக்கின்றன. அந்தக் கல்லுக்கே அந்த ஊரின் பழைய பெயரை வைத்து க்ளோஸ்பெட் கிரானைட் என்று புவியியல்காரர்கள் சொல்கிறார்கள். ஊரில் பட்டுக்கூட்டு மார்க்கெட் பெரியது, ஆரணிக்காரர்கள் கூட வந்தால் அங்கேயும் ஒரு நடை போய்வர ஆசைப்படுவார்கள்.

குன்று இப்போது பிணந்தின்னிக் கழுகுகள் சரணாலயம். பாறை இடுக்குகளில் கூடு வைத்திருக்கின்றன. கப்பர் வசனத்தை அங்கே நின்று உரக்கச் சொல்லிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும், புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போடவும் தோன்றும். வேண்டாம். பறவைகளுக்கு அது வீடு. படிகள் ஏறி உச்சிக்குப் போக வேண்டும், வெயில் ஏறினால் கல் கொதிக்கும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். செருப்பு வழுக்கும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். குடிதண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். கூடப் படம் பார்த்த சிநேகிதரையும் அழைத்துப் போங்கள், சாம்பா உட்கார்ந்திருந்தது எந்தப் பாறை என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்தே தீரும்.